அக்கா சொன்ன தண்ணீர்

தொலைபேசியை எடுத்தால் அக்கா வணக்கம் சொல்லமாட்டார். சுகம் விசாரிக்கமாட்டார். "இடுப்பு" என்பார். சிலவேளை "கழுத்து" என்பார். நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தாலும் அதைப் போட்டுவிட்டு, அக்கா சொன்னதிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்வோம். கழுத்து என்றால் இடுப்பு. இடுப்பு என்றால் முழங்கால். முழங்கால் என்றால் கணுக்கால். பிறகு அதற்கேற்ற மாதிரிச் சாமான்களை மேலே ஏற்றத் தொடங்குவோம்.

தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஏரிக்கரைப் பட்டணம் அது. நடுவால் ஒரு ஆறு ஓடிவந்து ஏரியில் விழும். கோடைக்கு முன்னால் மலைகளில் பனி உருகும்போது ஏரி ஏறும். ஏரி ஏறினால் ஆறு இறங்க இடமில்லாமல் வடிகால் குழாய்களுக்குள்ளால் திரும்பி வீதிக்கு வரும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து புயல் அடித்தால் ஏரியே எழும்பிக் கரைக்கு வரும். ஆகவே வருடத்தில் இரண்டு தடவையாவது எங்களுக்கு ஏற்றி இறக்கும் வேலை இருந்தது. கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள்தான் அங்கே. பின்வீதியில் நான் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். இப்போது ஸ்டுட்கார்ட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே மழை பெய்தால் பெய்கிறது. யாரும் தொலைபேசி எடுத்து உடம்பின் பாகங்களைச் சொல்வதில்லை.

வெள்ளம் வருமுன் எங்கள் எல்லாருடைய கைத்தொலைபேசிகளும் தாமாகவே கத்தும். அரசாங்கம் அனுப்பும் எச்சரிக்கை அது. சத்தத்தை நிறுத்திவிட்டு அக்காவுக்காகக் காத்திருப்போம். அரசாங்கம் சென்ரிமீற்றரில் சொல்லும். சென்ரிமீற்றரைக் கேட்டு யாரும் அரிசிச்சாக்கைத் தூக்கியதாக நான் அறியவில்லை.

அக்கா நகரசபைத் தொழிலாளர்களின் கன்டீனில் சமையல் வேலை செய்தார். தடுப்புப் பலகை பூட்டுகிறவர்கள், வடிகால் பார்க்கிறவர்கள், மரம் விழுந்தால் வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் அக்காவின் கையால்தான் மத்தியானச் சாப்பாடு வாங்குவார்கள். எத்தனை பேர் அவசரமாகச் சாப்பிடுகிறார்கள், யார் சாப்பிடாமலே ஓடுகிறார்கள் என்பதை வைத்தே அவருக்குப் பாதி விளங்கிவிடும். மீதியை மேற்பார்வைக்காரரிடம் கேட்பார். அந்த மனிதர் ஆறடிக்கு மேலே. அக்கா அவருடைய நெஞ்சுக்குக்கூட வரமாட்டார். "ஆருடைய இடுப்பு அக்கா, அவருடையதோ உங்கடையோ?" என்று நாங்கள் கேட்போம். அக்கா சிரிக்கமாட்டார். "சாமானை ஏத்துங்கோ" என்பார்.

எதையும் கூட்டிச் சொல்வது அக்காவின் சுபாவம் என்றுதான் ஊரில் பேச்சு. தடிமன் பிடித்து மூக்கடைத்தால், "தலைக்குள்ளை கல்லுடைக்கிறாங்கள்." பஸ் கொஞ்சம் பிந்தினால், "நிண்ட இடத்திலை வேர் விட்டிட்டுது." ஆனால் ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். ஜெர்மன் மொழியில் அக்கா ஒரு துளியும் கூட்டமாட்டார். ஒருமுறை டொக்டரிடம் அவரைக் காரில் கூட்டிப்போனேன். வழி முழுவதும், உடம்பில் முட்டை பொரிக்கலாம் என்று புலம்பிக்கொண்டு வந்தவர், டொக்டரிடம் காய்ச்சலைப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வரைக்கும் சரியாகச் சொன்னார். வெளியே வந்ததும் பழையபடி முட்டை. தமிழருக்கு ஒரு அளவு, ஜெர்மன்காரருக்கு ஒரு அளவு. ஏன் என்று கேட்டேன். "அவன் சொன்னதை நம்புவான். எங்கட ஆக்கள் கழிப்பினம். கழிக்கிற ஆக்களுக்குக் கூட்டித்தானே சொல்லவேணும்?" என்றார்.

எனக்கு அவர்மேல் பிரியமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. எரிச்சல் தோள்மூட்டில். கடைச் சாமான் முழுவதும் நிலவறையில் இருந்தது. அக்கா ஒரு சொல் சொன்னால் நான் ஒரு நாள் முழுக்கப் படியேற வேண்டும்.

ஆனால் யோசனைக்காரி. ஒரு வருடம் நகரசபையில் மணல் குவித்துவிட்டார்கள், அதை நிரப்பச் சாக்கு முடிந்துவிட்டது. சனம் வரிசையில் வெறுங்கையோடு நின்றது. அக்கா கன்டீன் உடுப்போடு என் கடைக்கு வந்து, பாசுமதி அரிசி வந்த பழைய பைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். இழுத்துப் பூட்டும் சிப்பும் கைப்பிடியும் வைத்துத் தைத்த பைகள் அவை. மணலைப் போட்டு, சிப்பை இழுத்து, கைப்பிடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்கள் சனம் நடந்ததைப் பார்த்து, வரிசையில் நின்ற ஜெர்மன்காரர் என் கடை எங்கே என்று விசாரித்தார்கள். அந்த முறை நகரசபை வாசலிலேயே பாசுமதிப் பைகள் அடுக்கிக் கிடந்தன. மேற்பார்வைக்காரர் அக்காவின் கையைக் குலுக்கினாராம். அக்கா எங்களுக்குச் சொன்ன கதையில் அந்த மனிதர் அக்காவின் காலில் விழாத குறைதான்.

இனி கெல்லர் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

கெல்லர் என்றால் நிலவறை. ஆற்றோரமாக ஒரு பழைய வீட்டின் அரை நிலவறையில் அவர் குடியிருந்ததால் அந்தப் பெயர். சமையலறை யன்னல் வீதியின் மட்டத்தில் இருக்கும். அவருடைய வாசலுக்குப் போக வெளியிலிருந்து படி இறங்க வேண்டும். அவர் அக்காவின் புருசன். இரண்டு பேரும் பிரிந்து கன காலம். விவாகரத்து இல்லை, சண்டை இல்லை, பேச்சும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. ஏன் பிரிந்தார்கள் என்று ஊரில் மூன்று கதைகள் இருந்தன. மூன்றையும் நான் நம்பவில்லை. கோயில் திருவிழாவில் அவர் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம் நிற்பார்கள். வீதியில் எதிரே வந்தால் இரண்டு பேரில் ஒருவருக்குக் கட்டாயம் கடைக் கண்ணாடியில் ஏதோ பார்க்க இருக்கும்.

கெல்லர் அண்ணை பிடிவாதக்காரர். நாங்கள் ஒன்றைக் கழித்தால் அவர் இரண்டைக் கழிப்பார். கடலில் நீந்தி வளர்ந்தவர் என்பதால் அந்த ஏரியை அவர் மதிக்கவில்லை. "இது கோப்பைக்குள்ளை கிடக்கிற தண்ணி" என்பார். எச்சரிக்கை வந்தால் பின்னேரம் கடைக்கு வந்து, ஒரு கோதுமைப் பாணைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்பார்:

"என்னவாம்?"

யார் சொன்னது என்று நானும் சொல்லமாட்டேன், அவரும் கேட்கமாட்டார்.

"இடுப்பாம், அண்ணை."

"அப்ப கணுக்கால்" என்றுவிட்டுத் தன் நிலவறைக்குப் போய்ப் படுத்துவிடுவார். "கழுத்தாம்" என்றால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிப்பார். பிறகு ஒரு பையோடு வந்து என் கடைக்கு மேலே இருந்த அறையில் இரண்டு நாள் தங்குவார். அரை நிலவறையில் இருக்கிறவருக்கு வீதியில் முழங்கால் தண்ணீர் என்பதே உயிர் போகிற தண்ணீர். படிக்கட்டு நிரம்பினால் கதவைத் தள்ளித் திறக்க ஏலாது. இது அக்காவுக்குத் தெரியும். கன்டீனில் அதைப் பற்றி எத்தனையோ தரம் கேட்டிருப்பார்.

அக்கா எல்லாருக்கும் முதல் எனக்குத்தான் தொலைபேசி எடுப்பார். சொல்லைச் சொன்ன பிறகும் வைக்கமாட்டார்.

"தம்பி, கடைக்கு ஆக்கள் வாறவையோ?"

"வருவினம் அக்கா."

"வாற எல்லாருக்கும் சொல்லுங்கோ. ஒருதரையும் விடாதேங்கோ."

எனக்கு மட்டும் கழுத்து என்று சொல்லி மற்றவர்களுக்கு உள்ளதைச் சொல்லலாம்தானே என்று ஒருமுறை கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கடையிலை உங்களிட்டைக் கேட்பார். வெளியிலை போய் இன்னொருதரிட்டைக் கேட்பார். ரெண்டும் ரெண்டு விதமா இருந்தா இறங்கிப் போய்ப் படுத்திடுவார்" என்றார். யார் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு மனிதன் படியேறவேண்டும் என்பதற்காக ஊர்த் தமிழர் அத்தனை பேரும் பிரீசர் தூக்கினோம். இது எங்களுக்குத் தெரியாது என்றில்லை. தெரிந்துகொண்டும் அக்காவின் வாயைப் பற்றிப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தோம்.

இந்த ஒழுங்கைக் கெடுத்தது ராணியின் மகளுடைய சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளானதற்கு வைத்த கொண்டாட்டம். ராணி எங்கள் ஊரிலேயே வசதியான ஆள். ஏரிக்கரை மண்டபத்தைப் பிடித்து, டுசல்டோர்ஃபிலிருந்து அலங்காரக்காரரைக் கூப்பிட்டு, ஊர் ஊராக அழைப்பிதழ் கொடுத்திருந்தார். வாரமெல்லாம் மழை. முதல் நாள் அக்கா "கழுத்து" என்றார். சொல் ஊரைத் தாண்டிப் போய்விட்டது. எங்களுக்குக் கழிக்கத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பாதிப் பேர் வரவில்லை. அன்றைக்கு ஆறு வீதியைக் கொஞ்சம் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. மண்டபத்தில் வெறும் கதிரைகள், வெள்ளித் தட்டுகள், அண்டா அண்டாவாகச் சோறு. அந்தப் பிள்ளை சேலையைப் பிடித்துக்கொண்டு யாருக்கு என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றது.

ராணி எல்லார் முன்னாலும் சொன்னார். "அக்கா, ஆத்தாலை வந்த தண்ணியிலும் பாக்க உங்கட வாயாலை வந்த தண்ணிதான் கூட."

அக்கா தலையை ஆட்டினார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, "இனி உள்ளதை உள்ளபடி சொல்லுவன்" என்று அந்த இடத்திலேயே சொன்னார். நாங்கள் எல்லாரும் கேட்டோம். அதிலும் ஒன்றைக் கழித்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் பனி பிந்தி உருகியது. அதோடு மழையும் சேர்ந்தது. கைத்தொலைபேசிகள் கத்தின. அக்கா எடுத்தார்.

"முழங்கால்."

"சரி அக்கா."

"தம்பி, உண்மையா முழங்கால். நான் கூட்டேல்லை."

"ஓம் அக்கா, விளங்குது."

நான் கணுக்காலுக்கு அடுக்கினேன். கீழ்த்தட்டுச் சாக்குகளை எடுத்துப் பலகைமேல் வைத்தேன், பிரீசருக்குக் கீழே நாலு கல் கொடுத்தேன். பின்னேரம் கெல்லர் அண்ணை வந்தார்.

"என்னவாம்?"

"முழங்காலாம். கூட்டிச் சொல்லேல்லையாம்."

அவர் பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒண்டும் வராது" என்றுவிட்டு, ஒரு ரின்மீன் தகரமும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் வந்தது. வீதியில் முழங்கால். அக்கா சொன்ன அதே முழங்கால். என் நிலவறையில் பலகைமேல் வைத்த சாக்குகள் மிதந்தன. நான் செய்தி கேட்டு ஆற்றோரம் ஓடியபோது, தீயணைப்புக்காரர் இரண்டு பேர் கெல்லர் அண்ணையை யன்னல் வழியாக வெளியே இழுத்து முடித்திருந்தார்கள். சமையல் மேசைமேல் ஏறி நின்று, நெஞ்சளவு தண்ணீருக்குள், அகப்பையால் உட்கூரையில் தட்டிக்கொண்டே இருந்தாராம். மேல்வீட்டு ஜெர்மன் கிழவிக்கு அது கேட்டிருக்கிறது. வெள்ளிக் கடதாசி போல மினுங்கும் போர்வைக்குள் எதிர்வீட்டு மேல்படியில் குந்தியிருந்து நடுங்கினார். என்னைக் கண்டதும், "ஏன் தம்பி கழுத்தெண்டு சொல்லேல்லை?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோலத்தில் இருக்கிற மனிதரோடு என்ன பேசுவது என்று போர்வையை அவர் தோளில் இழுத்துவிட்டேன்.

கன்டீனில் நடந்ததை அங்கே வேலை செய்யும் துருக்கிப் பெண் சொன்னாள். அவள் என் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்க வருகிறவள். மேற்பார்வைக்காரர் வந்து, உங்கள் ஆள் ஒருவரை ஆற்றோர நிலவறையிலிருந்து எடுத்தோம் என்றாராம். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உருளைக்கிழங்குப் பெட்டிமேல் இருந்தாராம். "உயிருடனா?" என்று ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி. ஆம் என்றதும் எழும்பி அடுப்பை மூட்டி, எல்லாருக்கும் சாப்பாடு போட்டாராம்.

தண்ணீர் வடிந்த பிறகு ஊர் முழுக்க நனைந்த சாமான்களை வீதியில் எறிந்துகொண்டிருந்தது. ஊறி வெடித்த அரிசிச்சாக்குகளை நான் கடை வாசலில் குவித்துக்கொண்டிருந்தபோது அக்கா உதவிக்கு வந்தார். ராணியும் இன்னும் சிலரும் நின்றார்கள்.

"அக்கா, நீங்கள் ஏன் முழங்கால் எண்டு சொன்னனீங்கள்?" என்றார் ராணி.

"முழங்கால்தானே வந்தது?"

"அதுதான் கேக்கிறன். முழங்கால் வருமெண்டா இடுப்பெண்டெல்லோ சொல்லவேணும். இப்பிடிச் சரியாச் சொன்னா எங்களுக்கு எப்பிடி விளங்கும்?"

சிரிப்பு வரும் இடம்தான். யாரும் சிரிக்கவில்லை, ராணி மெய்யாகத்தான் கேட்டார். அவருடைய நிலவறையில் இருந்த சேலைகள் அத்தனையும் சேறாகிப்போயிருந்தன. மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அக்கா என்னோடு சேர்ந்து ஒரு சாக்கைத் தூக்கிக் குவியலில் போட்டார். கையைத் தட்டினார். அன்றைக்குப் பிறகு அவர் யாருக்கும் எடுக்கவில்லை. கடைக்கு வருவார், வேண்டியதை வாங்குவார், காலநிலையைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டார்.

கெல்லர் அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சுவர் காய்ந்ததும் திரும்ப அதே நிலவறைக்குப் போய்விட்டார். வேறு இடம் பார்ப்போம் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அந்தக் கோப்பை ஒருக்கால் தளம்பிப் போட்டுது, அவ்வளவுதான் என்றார். பாண் வாங்க வந்தால், "என்னவாம்?" என்று கேட்பார். அக்கா எடுக்காததால் நான் பாணுக்குக் காசை மட்டும் வாங்கிக்கொள்வேன்.

அந்தக் குளிர்காலத்துப் பெரிய புயல் ஒரு வேலைநாளில் வந்தது. காலையிலேயே கைத்தொலைபேசிகள் எல்லாம் கத்தின. ஏரியில் படகுகளை இழுத்துக் கட்டினார்கள். கரையோரம் இரும்புத் தூண்களை நட்டுத் தடுப்புப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினார்கள். அக்கா எடுக்கவில்லை. மற்ற எல்லாரும் எனக்கு எடுத்தார்கள். ராணி இரண்டு தரம் எடுத்தார்.

"அக்கா ஏதும் சொன்னவவோ?"

"இல்லை."

"அப்ப ஒண்டுமில்லைத்தானே? பெரிசா இருந்தா அவ சொல்லாமல் இருக்கமாட்டா."

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கடைக்குள் வந்தார். நகரசபை கொடுத்த மினுங்கும் மேலங்கி, உள்ளே கன்டீன் ஏப்ரன். கன்டீனில் வேலை நடக்கும் நேரம் அது. இடையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"கடையைப் பூட்டிப்போட்டு ஒருக்கா வாங்கோ, தம்பி" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. ஆற்றோர வீட்டுக்கு வந்து, நிலவறைப் படிக்கு மேலே நின்றார். இறங்கவில்லை. "நீங்கள் கூப்பிடுங்கோ" என்றார். நான் ஒரு படி இறங்கியிருப்பேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ."

புருசனைக் கூப்பிடும் சொல். கன காலம் பாவிக்காததால், முதல் தரம் சரியாக வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். கதவு திறந்தது. கெல்லர் அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று மேலே பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு, பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்னவாம்?"

என்னைப் பதில் சொல்ல அக்கா விடவில்லை.

"கணுக்கால்" என்றார். "கணுக்கால்தான். சிலவேளை அதுவும் வராது."

இரண்டைக் கழித்தால் ஏரி வற்றியிருக்கவேண்டும். அவர் கழித்ததாகத் தெரியவில்லை. உள்ளே போனார். காற்சட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பையோடு வெளியே வந்து, கதவைப் பூட்டிவிட்டுப் படியேறினார்.

"எங்கை?"

"வீட்டை. ரெண்டாம் மாடி. சோறு கிடக்கு, கறி சூடாக்கவேணும்." அக்கா மேலங்கியின் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்தார். "கதைக்கவேணும் எண்டில்லை."

"ஓம்" என்றார் அவர்.

அக்கா முன்னால் நடந்தார். அவர் பின்னால், வீதி இடம் கொடுத்த அளவுக்கு இடைவெளி விட்டு. பாலத்தடியில் காற்று பலமாக அடித்தபோது அக்கா நின்றார். அவர் கிட்ட வந்ததும் மறுபடி நடந்தார். நான் கடையைத் திறக்கத் திரும்பிப் போனேன்.

கடைப் பூட்டில் திறப்பைப் போடும்போதே தொலைபேசி அடித்தது. ராணி.

"என்னவாம்? அக்காவைக் கண்டனீங்களோ?"

"கண்டனான். கணுக்காலாம்."

"கணுக்காலோ? நான் சொன்னன்தானே ஒண்டுமில்லையெண்டு." அவருடைய குரல் இளகியது. "கணுக்காலைச் சொல்லவோ அவ நடந்து வந்தவ?"

"கெல்லர் அண்ணை வெளிக்கிட்டிட்டார்" என்றேன்.

"கணுக்காலுக்கோ?"

"ஓம். கணுக்காலுக்குத்தான்."

ராணி தொலைபேசியை வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் ஓடி, "இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ, எல்லாத்தையும் மேலை ஏத்தவேணும்" என்று புருசனைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது.